சொட்டாத சீலும் சுத்தமான சீலும்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்து மாங்கூழ் ஆலை உரிமையாளர்களுக்கும், அந்த ஆலைகளில் பம்ப் வாங்குவோருக்கும் பம்ப் பிரிப்போருக்கும்,



சீசன் நடுவில் எழுதினால் இதை ஒருவரும் படிக்க மாட்டீர்கள் என்று தெரியும். வாசலில் டிராக்டரும் லாரியும் வரிசை கட்டி நிற்கும். இறக்கிய பெங்களூரா பழம் இன்று கனிந்து நாளைக்கே அழுகத் தயாராக இருக்கும். அந்த நேரத்தில் பம்பைப் பற்றி ஒரே கேள்விதான்: ஓடுகிறதா இல்லையா? அதனால் ஆலை ஓய்ந்து, கணக்கு முடித்து, அடுத்த ஆண்டுக்கு என்னென்ன வாங்கலாம் என்று பட்டியல் போடும் நேரம் பார்த்து எழுதுகிறேன். பேரிங், பெல்ட், போல்ட் வகையறாக்களுக்கு நடுவே ‘மெக்கானிக்கல் சீல்’ என்று ஒரு வரி அதில் இருக்கும். எதிரே ஒரு எண்ணிக்கை. எவர் கொட்டேஷன் குறைவோ அவருக்கு ஆர்டர். இந்த மடல் முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

பம்ப் வேலையிலேயே காலம் கழித்தவன் நான். பால், ஐஸ்கிரீம், தக்காளி விழுது, மாங்கூழ் என்று பலவகை ஆலைகளில் பம்ப் பிரித்திருக்கிறேன். எங்கே போனாலும் சீலுக்கு வைக்கிற பரீட்சை ஒன்றுதான்: சொட்டுகிறதா? சொட்டாவிட்டால் பாஸ், சொட்டினால் மாற்று. தண்ணீர் பம்புக்கு இது போதும். உணவு ஓடும் பம்புக்குப் போதாது. ஒரு சொட்டுகூட வெளியே விடாத சீல், தனக்குப் பின்னால் ஒரு கரண்டிக் கூழை வாரக்கணக்கில் புளிக்கவிட்டுக்கொண்டு இருக்கலாம். கூழ் வெளியே வருகிறதா என்பதைவிட, கூழ் தொட்ட இடத்தையெல்லாம் கழுவுகிற தண்ணீரும் தொடுகிறதா என்பதுதான் பெரிய கேள்வி. அதை நம் ஆலைகளில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் மோனோ பம்புகள். முறுக்கிய எஃகு ரோட்டார், இரட்டை முறுக்காக வார்த்த ரப்பர் ஸ்டேட்டருக்குள் சுழல்கிறது. நடுவே அடைபட்ட அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னே நகர்ந்து கூழைத் தள்ளுகின்றன. 1930-ஐ ஒட்டி ரெனே முவானோ என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த வழி இது. நார் உள்ள கெட்டியான கூழை அடிக்காமல், நுரைக்கவிடாமல் நகர்த்த இதைவிட எளிய ஏற்பாடு குறைவு. புதிதாக வாங்குவோர் சிலர், ரப்பரே இல்லாமல் இரண்டு எஃகுத் திருகுகள் ஒன்றையொன்று உரசாமல் சுழலும் ட்வின் ஸ்க்ரூ பம்புகளையும் விசாரிக்கிறீர்கள். இரண்டுமே நல்ல பம்புகள்தான். இரண்டிலும் வம்பு தொடங்குவது ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்தில்.

மோனோ பம்பில் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வழக்கமான அமைப்பில், கூழ் நுழைகிற அறையின் முதுகுப்புறம். அங்கே அழுத்தம் குறைவு, சீலுக்கு வேலை இலகு. ஆனால் எவாப்பரேட்டரின் அடியிலிருந்தோ டீஏரேட்டரிலிருந்தோ கூழை இழுக்கிற பம்பாக இருந்தால், அந்த அறையில் இருப்பது வெற்றிடம். சீல் தேய்ந்தால் கூழ் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரை கழுவும்போது தெறிக்கிற தண்ணீரும், அந்தத் தண்ணீரில் இருப்பதும் கூடவே போகும். பம்புக்கு அடியில் தரை காய்ந்து கிடக்கும். ‘சீல் அருமையாக நிற்கிறது சார்’ என்று ஃபிட்டர் சொல்வார். அவர் சொல்வதில் பொய் இல்லை. அதே நேரத்தில் வெற்றிடம் பிடிக்கவில்லை என்று இன்னொருவர் வேக்குவம் பம்பைக் கழற்றிப் போட்டிருப்பார். கூழின் நிறம் மங்குகிறது என்று ஆய்வகத்தில் மூன்றாமவர் பழத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருப்பார். மூன்று பேரின் தலைவலிக்கும் காரணம் ஒரே சீல். அது ஒரு சொட்டும் சொட்டவில்லை என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

ட்வின் ஸ்க்ரூ வாங்குவோருக்கு இங்கே ஒரு வார்த்தை. அந்தப் பம்பை இரு திசையிலும் ஓட்டலாம் என்பது விற்பவர் சொல்கிற சிறப்பு, உண்மையும்கூட. ஆனால் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து, சீல் இருக்கும் பக்கம் உறிஞ்சும் பக்கமாகவோ தள்ளும் பக்கமாகவோ மாறும். உங்கள் லைனில் சீல் மேல் எந்த அழுத்தம் உட்காரப் போகிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளாண்ட் கயிறு போட்ட பம்ப் இன்னும் சில ஆலைகளில் ஓடுகிறது. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கயிறு சூடாகாமல் இருக்க வேண்டுமானால் அது கொஞ்சம் சொட்டியே ஆக வேண்டும், சொட்ட வேண்டுமானால் கூழ் கயிற்றுக்குள் ஊறியே ஆக வேண்டும். ஊறிய கூழை எந்தக் காஸ்டிக்கும் வெளியே கொண்டுவராது. கழிவுநீர் பம்புக்கு அனுப்பிவிடுங்கள்.

மெக்கானிக்கல் சீல் போட்டுவிட்டோம், பிறகென்ன என்கிறவர்களுக்குத்தான் மீதி மடல். கயிற்றை எடுத்துவிட்டு, அது இருந்த அதே ஆழமான குழிக்குள் மெக்கானிக்கல் சீலைச் செருகிய பம்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஷாஃப்டைச் சுற்றி ஒடுங்கிய, நீண்ட வளையக் குழி. அதன் அடியில் சீல். கூழ் அங்கே போய்ச் சேரும், திரும்பி வராது, ஏனென்றால் அங்கே ஓட்டமே இல்லை. சீலின் சுருள் வில்லும் கூழுக்குள்ளேயே. வில்லின் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே நார் சிக்கி உருண்டு கட்டியாகும். சீலை ஷாஃப்டில் நிறுத்துகிற குட்டி ஸ்க்ரூவின் மரையும் கூழுக்குள். மரை இருக்கும் இடம் கழுவப்படாத இடம். கவனமாக வடிவமைத்த சீலில் இந்த மூன்றும் தலைகீழாக இருக்கும். உரசும் முகம் ஓட்டத்துக்கு நடுவே முன்தள்ளி நிற்கும், வில் கூழ் படாத பக்கத்தில் ஒளிந்திருக்கும், கூழ் படும் பக்கத்தில் மரையே இருக்காது. கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

அந்த உரசும் முகங்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பல குழப்பம் தீரும். ஒன்று சுழல்கிறது, ஒன்று நிற்கிறது. நடுவே ஒரு மைக்ரான் அளவுக்கு மெல்லிய ஈரப் படலம். அந்த ஈரம் கூழிலிருந்து வந்ததுதான். முகங்கள் உரசிச் சூடாகாமல் காப்பதும் அதுதான். ஆக எந்த மெக்கானிக்கல் சீலும் கொஞ்சம் கசிந்துகொண்டேதான் இருக்கிறது. வெளி ஓரத்துக்கு வரும்போது ஆவியாகிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. தண்ணீர் ஆவியாகும். மாங்கூழின் சர்க்கரை ஆவியாகாது. அது முகங்களுக்கு நடுவிலும் பின்னாலும் படிந்து, பம்ப் நிற்கிற இரவில் காய்ந்து, பாகு பட்ட கரண்டி தட்டோடு ஒட்டிக்கொள்வது போல இரண்டு முகங்களையும் ஒட்டிவிடும். காலையில் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் பிய்த்துக்கொண்டு கிளம்பும். முகத்தில் சில்லு பெயரும், அல்லது முகத்தைப் பிடித்திருக்கும் ஓ ரிங் முறுக்கிக் கிழியும். கார்பன் முகமாக இருந்தால் பெயர்ந்த சில்லு கரும்புள்ளியாகக் கூழில் போய் நிற்கும். ‘கரும்புள்ளி இருக்கிறது’ என்று வாங்குபவர் புகார் அனுப்பினால் பழத்தோலையும் கருகலையும் தேடுகிறோம். ஒருமுறை சீல் முகத்தையும் பாருங்கள்.

இதற்கு மருந்து சிக்கலானது இல்லை. இரண்டு முகமும் சிலிக்கான் கார்பைடாக இருக்கட்டும். கெட்டியான, சர்க்கரை மிகுந்த பொருளுக்குக் கார்பன் தாங்காது. அதைவிட முக்கியம், முகங்களின் பின்பக்கத்தில் நல்ல தண்ணீர் மெல்ல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஃபிட்டர்கள் ஃப்ளஷிங் லைன் என்பது இதைத்தான். கசிந்து வரும் சர்க்கரையைக் காயவிடாமல் அந்தத் தண்ணீர் கரைத்துக் கொண்டுபோகும். சுடு காஸ்டிக்கால் கழுவும்போது முகத்தின் பின்னால் வெள்ளையாகப் பூக்கும் படிவையும் அதுவே தடுக்கும். பல பம்புகளில் இந்த லைனுக்கான ஓட்டை இருக்கிறது, பிளக் போட்டு அடைத்திருக்கிறது. தண்ணீர்ச் செலவு என்கிறார்கள். கோடையில் தண்ணீரின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் சீலுக்குத் தேவைப்படுவது மெல்லிய ஓட்டம், தரை கழுவ நீங்கள் விடுகிற தண்ணீரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அந்தத் தண்ணீர் வெளியேறும் குழாயை நேராகச் சாக்கடைக்குள் சொருகிவிடாதீர்கள். கண்ணில் படும்படி ஒரு புனலில் விழட்டும். கூழின் பிரிக்ஸ் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. ஷிஃப்டுக்கு ஒருமுறை அந்தத் தண்ணீரில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டியது ஏறத் தொடங்கினால் சீல் தேய்கிறது என்று பொருள். சொட்டுவதற்கு வெகு முன்னாலேயே இது தெரிந்துவிடும். நள்ளிரவில் லைனை நிறுத்திச் சீல் மாற்றுவதற்குப் பதில், பழம் வராத இடைவெளியில் மாற்றலாம். வெற்றிடத்தில் இழுக்கிற பம்பில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும். அங்கே தேய்ந்த சீல் தண்ணீரைத்தான் உள்ளே இழுக்கும், கூழை வெளியே விடாது. அதற்கு வேறு வழி சொல்கிறேன்.

அதற்கு முன் ஓ ரிங். சந்தையில் கிடைக்கிற கருப்பு வளையம் எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது, சைஸ் சரியாக உட்கார்ந்தால் ரப்பர் எதுவானால் என்ன என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் சுடு காஸ்டிக்கையும் நீராவியையும் நன்றாகத் தாங்கும், எண்ணெயும் கொழுப்பும் பட்டால் ஊதிவிடும். வைட்டான் அதற்கு எதிர்: எண்ணெய்க்கு நல்லது, சுடு காஸ்டிக்கிலும் நீராவியிலும் சீக்கிரம் சிதையும். மாங்கூழில் கொழுப்பு அற்பம், உங்கள் கழுவலோ காஸ்டிக்கில் நடக்கிறது. ஆகவே உங்களுக்குப் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். போதும். அதே ஆலையில் ஆஃப் சீசனில் தேங்காய்ப்பால் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். விலை கூடியது என்பதாலேயே வைட்டான் உசத்தி என்று நினைத்து மாற்றிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஃபிட்டர் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. ஈ.பி.டி.எம். ஓ ரிங்கை வழுக்கி ஏற்றுவதற்குப் பக்கத்தில் இருக்கும் பேரிங் கிரீஸில் ஒரு விரல் தொட்டுத் தடவுகிறீர்கள். அது பெட்ரோலிய எண்ணெயில் செய்தது. நல்ல ஓ ரிங்கை உங்கள் கையாலேயே ஊத வைக்கிறீர்கள். எச்-1 என்று குறிப்பிட்ட, ஈ.பி.டி.எம்.-க்கு ஒத்துவருகிற சிலிக்கான் கிரீஸ் ஒரு சிறிய டியூப் வாங்கி உங்கள் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி வாங்கித் தராவிட்டால் இந்த மடலைக் காட்டுங்கள்.

ரப்பர் சரியாக இருந்தாலும் அது உட்காரும் பள்ளம் சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. இதுதான் வெளியே தெரியாத விஷயங்களிலேயே மோசமானது. சூடேறினால் ரப்பர் எஃகைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக விரியும். 80 டிகிரி காஸ்டிக் ஓடும்போது ஓ ரிங் விரிந்து பள்ளத்தின் வாயை அடைத்துக்கொள்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் இடுக்குக்குக் காஸ்டிக் போவதில்லை. கழுவி முடிந்து குளிர்ந்ததும் சுருங்கி வழிவிடுகிறது, அடுத்த பேட்ச் கூழ் இடுக்குக்குள் போகிறது. ஒவ்வொரு கழுவலும் இடுக்கைக் கழுவாமல் மூடி, ஒவ்வொரு ஓட்டமும் அதற்குத் தீனி போடுகிறது. சுகாதார வடிவத்தில் செய்த பம்பில் ரப்பர் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்காது. கூழ் படும் விளிம்பு வரை வந்து உலோகத்தோடு ஒரே மட்டமாக நிற்கும். அளவுக்கு மேல் நசுங்காதபடி உலோகம் உலோகத்தில் முட்டி நிற்கும். கூழ் படும் உலோகத்தின் சொரசொரப்பும் 0.8 மைக்ரானைத் தாண்டாது. பம்ப் மூடியில் மட்டுமல்ல, லைனில் உள்ள ஒவ்வொரு யூனியனிலும் இதே கதைதான். ஆனால் இன்று பம்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

மோனோ பம்பில் சீல் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். ரோட்டார் நேராகச் சுழலாது, வட்டமிட்டு அலையும். மோட்டார் பக்கத்து ஷாஃப்டோ நேராகச் சுழலும். இரண்டையும் இணைக்கும் தண்டின் நுனிகளில் மூட்டு இருக்கிறது, அந்த மூட்டு கூழுக்குள்ளேயே அலைகிறது. சாதாரணப் பம்புகளில் மூட்டுக்குள் கிரீஸ் நிரப்பி, மேலே ரப்பர் உறை மாட்டி, கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்த உறையும் ஒரு சீல்தான். அது கிழிந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, பம்ப் பாட்டுக்கு ஓடும். கூழ் மூட்டுக்குள் போகும், கிரீஸ் கூழுக்குள் போகும். நான் பிரித்த பம்புகளில் மூக்கைப் பொத்த வைத்த நாற்றம் பெரும்பாலும் வந்தது ஷாஃப்ட் சீலிலிருந்து அல்ல, இந்த உறைக்குள்ளிருந்துதான். உணவுக்கென்றே செய்த மோனோ பம்புகளில் உறையே இருக்காது. கழுவும் தண்ணீர் புகுந்து வெளியேறும்படி மூட்டைத் திறந்தே வைத்திருப்பார்கள், அல்லது மூட்டே இல்லாமல் வளைந்துகொடுக்கும் ஒரே கம்பியால் இணைத்திருப்பார்கள். ‘ஃபுட் கிரேடு பம்ப்’ என்று விற்பவர் சொன்னால், கிரேடு 316 எஃகைத் தட்டிக் காட்டுவார். எஃகு இருக்கட்டும், மூட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

கழுவும் வேகம் இன்னொரு சங்கதி. பிரிக்காமலே உள்ளே கழுவுகிற சி.ஐ.பி. முறையில், குழாய்க்குள் தண்ணீர் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மெதுவாகச் சுழலும் மோனோ பம்ப் அந்த ஓட்டத்தைத் தராது. வேறு பம்பால் தள்ளினால் மோனோவே வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் நல்ல பம்பில் பைபாஸ் லைனும், உறிஞ்சும் அறையின் பின்மூலையில், அதாவது சீலை ஒட்டிய இடத்தில், கழுவு தண்ணீர் நுழையத் தனி வாயும் வைத்திருப்பார்கள். உங்கள் பம்பில் அந்த வாய் இருந்து அதை மூடி வைத்திருந்தால், சீல் இருக்கும் மூலை இதுவரை ஒருமுறையும் ஒழுங்காகக் கழுவப்படவில்லை. ட்வின் ஸ்க்ரூவுக்கு மதிப்பு இங்கேதான். கூழுக்கு மெதுவாகவும் கழுவும்போது பல மடங்கு வேகமாகவும் அதே பம்பைச் சுழற்றலாம். விலை அதிகம் என்பதை மறைக்கவில்லை. அதிலும் ஒன்று கவனியுங்கள்: திருகுகளை உரசாமல் பிடித்திருக்கும் பல்சக்கரங்கள் எண்ணெயில் ஓடுகின்றன. எண்ணெய்ப் பெட்டிக்கும் கூழ் சீலுக்கும் நடுவே திறந்த இடைவெளி இருக்க வேண்டும். எந்தப் பக்கம் கசிந்தாலும் தரையில் விழ வேண்டும், அடுத்த பக்கத்துக்குள் போகக் கூடாது.

‘எங்கள் பொருள் புளிப்பு. பி.எச். 4-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. பம்புக்கு அப்புறம் ஸ்டெரிலைசர் வேறு. உள்ளே எது வளர்ந்தால் என்ன, வெந்து செத்துவிடும்’ என்பீர்கள். நியாயமான கேள்விதான், பாதி உண்மையும்கூட. பால் ஆலையில் பயப்படுகிற அளவுக்கு நோய்க்கிருமிகளுக்கு இங்கே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் புளிப்பிலேயே செழிப்பவை இருக்கின்றன. ஈஸ்ட் செத்தாலும் அது ஏற்கெனவே உண்டாக்கிய சாராய வாடை சாகாது. பூஞ்சை வெந்தாலும் அதன் இழைகள் கூழில் மிதக்கும். ஏற்றுமதிச் சோதனையில் ஹோவர்ட் முறையில் எண்ணும்போது மைக்ராஸ்கோப்பின் அடியில் இழை உயிரோடு இருந்ததா செத்ததா என்று யாரும் பார்ப்பதில்லை, இழை இழைதான். அழுகல் பழம் போட்டதாக உங்கள் பேரில் எழுதப்படும். இன்னும் ஒன்று, அலிசைக்ளோபேசில்லஸ். 1980-களில் ஜெர்மனியில் ஆப்பிள் சாறு கெட்டபோது அடையாளம் கண்ட பாக்டீரியா. புளிப்பில் வளரும், அதன் வித்து வழக்கமான பழச்சாறுச் சூட்டைத் தாங்கும். நுரைக்காது, டிரம்மை ஊத வைக்காது, மருந்து போல ஒரு வாடை மட்டும் கொடுக்கும். வெதுவெதுப்பான மூலையில் தேங்கிக் கிடக்கும் கூழ் இதற்குத் தோதான இடம்.

ஸ்டெரிலைசருக்குப் பிந்திய பக்கத்தில் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சமாதானம்கூடக் கிடையாது. அங்கே ஒற்றைச் சீல் போடவே கூடாது. இரட்டைச் சீல், நடுவே நீராவியோ கிருமி நீக்கிய தண்ணீரோ கூழைவிடக் கூடுதல் அழுத்தத்தில் நிற்க வேண்டும். கசிந்தால் அந்தச் சுத்தமான நீர்தான் உள்ளே போக வேண்டும், ஆலையின் காற்று அல்ல. 200 கிலோவுக்கு மேல் பிடிக்கும் டிரம் ஒன்று கிடங்கில் ஊதினால், அதே ஷிஃப்டில் நிரப்பிய டிரம்கள் அத்தனையையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிவரும்.

கண்ணுக்குத் தெரியாத மூலை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்குக் கனடா சாட்சி. 2008-ல் டொராண்டோவில் மேப்பிள் லீஃப் நிறுவனத்தின் இறைச்சி ஆலையிலிருந்து லிஸ்டீரியா பரவி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆலையைக் கழுவாமல் விடவில்லை. இயந்திரம் செய்தவர் சொன்ன முறைப்படியே கழுவினார்கள். இறைச்சியைச் சீவும் இயந்திரங்களின் உள்ளாழத்தில், கழுவல் போகாத இடத்தில் கிருமி குடியிருந்தது. உங்கள் பொருள் வேறு, ஆபத்தின் அளவு வேறு. இயந்திரத்தின் குணம் ஒன்றுதான்.

இதனால்தான் 1989-ல் ஐரோப்பாவில் தொடங்கிய இ.எச்.இ.டி.ஜி. அமைப்பு பம்புக்குத் தனியாகவும் மெக்கானிக்கல் சீலுக்குத் தனியாகவும் வழிகாட்டிகள் வெளியிட்டிருக்கிறது. அமெரிக்காவில் த்ரீ-ஏ விதிகள் அதற்கும் பழையவை. இ.எச்.இ.டி.ஜி. செய்யும் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். புளித்த பாலில் வெப்பம் தாங்கும் பாக்டீரியாவின் வித்துகளைக் கலந்து பம்புக்குள் ஓட்டிக் காயவிடுகிறார்கள். வேண்டுமென்றே மிதமான கரைசலால் கழுவுகிறார்கள். பிறகு ஊதா நிற அகாரை உள்ளே நிரப்பி, கதகதப்பில் வைத்துப் பிரிக்கிறார்கள். வித்து எங்கே தங்கியதோ அங்கே ஊதா மஞ்சளாகியிருக்கும். வாதம் இல்லை, கமிஷன் இல்லை, மஞ்சள் சொல்லிவிடும். ஆனால் சான்றிதழ் வாங்கியது அந்தப் பம்ப், அந்தச் சீல், அந்த ரப்பர். அடுத்த சீசனில் அதே சைஸில் ஏதோ ஒரு சீலைக் கடையில் வாங்கி மாட்டினால், சுவரில் மாட்டிய சான்றிதழ் இனி உங்கள் பம்பைப் பற்றியது அல்ல. உள்ளூர்ச் சீல் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. நம் ஊரில் நல்ல சீல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முகம் என்ன பொருள், ரப்பர் என்ன வகை, உணவு படத் தகுந்தது என்பதற்குச் சான்று என்ன, வில் எந்தப் பக்கம் என்று கேட்டால் அவர்களே செய்து தருவார்கள். ஆர்டரில் சைஸை மட்டும் எழுதினால் சைஸ் மட்டும்தான் வரும்.

வெற்றிடத்தில் இழுக்கும் பம்புக்கு வேறு வழி சொல்கிறேன் என்றேன். அங்கே ஃப்ளஷிங் தண்ணீர் குடிக்கும் தரத்தில் இருக்கட்டும், காற்றுக்குப் பதில் அது உள்ளே போனாலும் பாதகம் குறைவு. தண்ணீர் லைனில் ஒரு சிறிய ஓட்டமானி வையுங்கள். உள்ளே போகிற அளவுக்கும் வெளியே வருகிற அளவுக்கும் வித்தியாசம் தெரிந்தால், வேக்குவம் பம்பைப் பிரிக்கும் முன் சீலைப் பிரியுங்கள்.

பிரிப்பது எப்போது என்பதில்தான் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. எல்லா ஆலைகளிலும் ஏப்ரலில், சீசன் தொடங்கும் முன் பம்ப் பிரிக்கிறீர்கள். ஜூலை, ஆகஸ்டில் ஓட்டம் நின்றதும் ஒரு கழுவல் கழுவி மூடிவிடுகிறீர்கள். எட்டு, ஒன்பது மாதம் அந்தக் கூழ் சீல் குழிக்குள் காய்ந்து, ரப்பரைத் தின்று, எஃகோடு ஒட்டிக் கிடக்கிறது. ஏப்ரலில் சுரண்டி எடுக்கும்போது எது எங்கே தேங்கியது என்ற தடயம் எல்லாம் போய்விடும். ஓட்டம் நின்ற வாரத்திலேயே பிரியுங்கள். ஈரமாக இருக்கும்போதே பார்த்தால், எந்த மூலையில் கழுவல் போகவில்லை என்று பம்பே காட்டிவிடும். போனில் படம் எடுங்கள், பம்ப் எண்ணோடு எழுதி வையுங்கள். கழற்றிய சீலையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். விற்பவர் அடுத்தமுறை வரும்போது அந்தப் பையை மேசையில் கொட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

இந்த ஆண்டு அந்த வாரம் போய்விட்டது. பரவாயில்லை. எவாப்பரேட்டருக்கு அடியில் இருக்கும் ஒரு பம்பை மட்டுமாவது இந்த வாரம் பிரித்துப் பாருங்கள். முதலாளிகளும் பக்கத்தில் நின்று பாருங்கள், ஃபிட்டர் சொல்லிக் கேட்பது வேறு, நேரில் முகர்வது வேறு.

இன்னொரு வேண்டுகோள் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து. உங்களில் பலரிடம் இருப்பது ஒரே மாதிரியான பம்புகள்தான். ஆளுக்கு இரண்டு சீல் வாங்கினால் எந்த விற்பனையாளரும் பொருள் சான்று தர மெனக்கெட மாட்டார். சங்கக் கூட்டத்தில் பேசி, பொதுவான சைஸ்களுக்கு ஒரே ஆர்டராகப் போடுங்கள். கொஞ்சம் கையிருப்பை ஒரே இடத்தில் வைத்து, சீசனில் யாருக்கு அவசரமோ அவர் எடுத்துக்கொள்ளட்டும். அதே கூட்டத்துக்கு உங்கள் ஃபிட்டர்களையும் கூப்பிடுங்கள். பிரித்த மோனோ பம்ப் ஒன்று, கழுவாமல், அப்படியே மேசையில் இருக்கட்டும். நான் என் டார்ச் லைட்டோடு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பம்புகளைப் பிரித்துப் பழகிய ஒருவன்